எட்டரை மணிப் பட்டை

மிதிலாவுக்குப் பத்து வயது நிறைய மூன்று மாதம் இருந்தபோது தூக்கப் பட்டை செய்யும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பத்து வயதுக்கு மேல் பட்டையைப் பயன்படுத்த அனுமதி இல்லை, அதற்குள் குழந்தையை இயல்பான தூக்கத்துக்குப் பழக்க ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வருவார், ஒத்துழைக்கவும் என்று எழுதியிருந்தார்கள். கோகிலவாணி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள். லோகநாதன் படித்தான், மடித்தான், மறுபடியும் பிரித்தான்.

“மூணு மாசத்துல என்ன வாணி பண்ண முடியும்?”

அவன் பயப்படக் காரணம் இருந்தது. மிதிலாவுக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு இரண்டரை வயது. பேச்சு வராததற்கும், கண்ணைப் பார்க்காததற்கும் அவர்கள் எப்படியோ பழகிக்கொண்டார்கள். பழக முடியாதது தூக்கம் ஒன்றுதான். பதினொன்றுக்குக் கண் மூடினால் ஒரு மணிக்கு எழுந்துவிடுவாள். அப்புறம் விடியும்வரை பீரோவின் கைப்பிடியைத் திருகித் திருகித் திறந்து மூடுவாள். தடுத்தால் அலறுவாள். கீழ்வீட்டுக்காரர் மூன்று முறை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். லோகநாதன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரு நாள் துணி அடுக்கை மெஷினில் தள்ளும்போது அரை நொடி கண் செருகியது. இடது கையில் இரண்டு விரல்நுனிகள் போயின. கட்டுப்போட்ட டாக்டர், “நேத்து எத்தன மணி நேரம் தூங்குனீங்க?” என்று கேட்டார். அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதான்.

அந்த வருடம்தான் பட்டை வந்தது. இரண்டு விரற்கடை அகலம், மெத்தென்ற துணி, உள்ளே மெல்லிய கம்பிகள். தினமும் எட்டரைக்குப் படுக்கவைத்து நெற்றியில் கட்டி ஒரு தொடு தொட்டால் நான்கு நிமிடத்தில் மிதிலாவின் கைகால் தளர்ந்து, மூச்சு சீராகிவிடும். போனில் நீல அலைகள் ஓடும். காலையில் ‘ஆழ்ந்த உறக்கம் ஒன்பது மணி நேரம்’ என்று வரும். “என்னம்மா, பாப்பாவுக்குப் பட்டை போட்டாச்சா?” என்று, விபூதி பூசுவதைக் கேட்பதுபோல, கீழ்வீட்டுக்காரர்கூடச் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தார்.

எட்டரைக்கு மேல் அந்த வீட்டுக்கு உயிர் வந்தது. இருப்பது ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. மகளின் கட்டிலோரம் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், டிவி பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானமானார்கள். ஐந்து வருடம் அப்படி ஓடிவிட்டது. காலையில் மட்டும் மிதிலா பத்து மணிவரை சிடுசிடுவென்று இருப்பாள். அது அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பயிற்சியாளர் பர்வீன் பல்லடத்திலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். வந்ததும் குழந்தையிடம் பேசவில்லை. தரையில் உட்கார்ந்து மிதிலா என்ன செய்கிறாள் என்று அரை மணி நேரம் பார்த்தார். மிதிலா பனியன் கழுத்தில் தைக்கும் சின்னத் துணி லேபிள்களைக் கட்டைவிரலால் வழித்து வழித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாணி லோகநாதனின் பனியன் கம்பெனியிலேயே செக்கிங் பிரிவில் இருந்தாள். கழிவு லேபிள்களைக் கொண்டுவந்து கொடுப்பாள்.

“மிதிலாம்மா, இந்த லேபிள்தான் நமக்குப் பரிசு” என்றார் பர்வீன் வாணியிடம். “ராத்திரி கட்டில்லயே இருந்தா காலைல எழுந்ததும் ஒண்ணு. புதுசு. மத்த நேரம் குடுக்காதீங்க.”

“சரிங்க. எட்டரைக்கே படுக்க வெச்சுப் பழக்கோணுமாங்க?”

“வேண்டாம். மொதல்ல பதினொரு மணிக்குப் படுக்க வைங்க.”

லோகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “பதினொண்ணா? மேடம், அப்பறம் நாங்க எப்பங்க தூங்கறது?”

“தூக்கம் வராத பிள்ளைய எட்டரைக்குப் போட்டா, கட்டில்னா முழிச்சுக்கிட்டுப் புரள்ற எடம்னுதான் அது பழகும். நல்லாத் தூக்கம் சொக்குற நேரத்துல படுக்க வெச்சா, கட்டில்னா தூங்கற எடம்னு பழகும். அது பழகுனதும் கால் மணி கால் மணியா முன்னாடி கொண்டு வருவோம். அவசரப்பட்டா எல்லாம் பாழ்.”

நான்கு படங்கள் வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டினார்: குளியல், பால், விளக்கைக் குறைத்தல், கட்டில். தினமும் இதே வரிசை, ஒன்றுகூட மாறக்கூடாது. ஒன்று முடிந்ததும் மிதிலாவே அந்தப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடவேண்டும். படுக்குமுன் ஒரு மணி நேரம் போன், டிவி கிடையாது. வாணி கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரலாம், பேசக்கூடாது. வாரத்துக்கு ஒருமுறை நாற்காலி ஒரு முழம் கதவுப்பக்கம் நகரும். எழுந்து வந்தால் திட்டாமல், கொஞ்சாமல், கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை முறை எழுந்தாள் என்று நோட்டில் எழுத வேண்டும்.

முதல் வாரம் நரகம். ஒரே இரவில் வாணி பதினேழு முறை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டாள். லோகநாதன் வேலைக்கு விடுப்புப் போட்டான், மெஷின் பக்கம் போக அவனுக்குத் தைரியமில்லை. இரண்டாவது வாரம் பதினேழு ஒன்பதானது, பிறகு நான்கானது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மிதிலா தானாகவே பால் படத்தைக் கழற்றிவிட்டு, அம்மா எழுந்திருக்கட்டும் என்று விளக்கு சுவிட்சுக்குக் கீழே போய் நின்றாள். காலைகளும் மாறின. எட்டு மணிக்கே தெளிவாக இருந்தாள். சிறப்புப் பள்ளி ஆசிரியை, “என்னங்க குடுக்கறீங்க பாப்பாவுக்கு?” என்று கேட்டாள்.

இது நடந்தது நான்காவது வாரத்தில். படுக்கும் நேரம் பத்தேகாலுக்கு வந்திருந்தது. வாணியின் நாற்காலி அறையின் நடுவுக்கு நகர்ந்திருந்தது. விளக்கைக் குறைத்த பிறகு மிதிலா கூரையைப் பார்த்தபடி பேசினாள். அவள் இப்படித்தான் பேசுவாள், எங்கோ கேட்ட வாக்கியத்தை அதே குரலில், அதே இழுப்போடு திருப்பிச் சொல்வாள். பெரும்பாலும் விளம்பரங்கள், பஸ் நடத்துநரின் சத்தம். அன்று வந்தது லோகநாதனின் குரல்.

“அவிநாசிப் பக்கம் ஒரு விடுதி இருக்குதாமா வாணி. நாம போனதுக்கப்பறம் பாப்பாவ யாரு பாத்துக்குவாங்க? இப்பவே கொண்டு போயி வுட்டுப் பழக்கிட்டா என்ன?”

வாணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசக்கூடாது என்பது விதி.

மறுநாள் பர்வீன் வந்ததும் சொன்னாள். “இது போன வருசம் நாங்க பேசுனதுங்க. ஒரே ஒருக்கா. அப்ப மிதிலா தூங்கிட்டிருந்தா.”

“பட்டை போட்டா?”

“போட்டுத்தானுங்க. ஒம்பதரை இருக்கும்.”

“வேற எப்பவாவது போன்ல பேசியிருப்பீங்க, கேட்டிருப்பா. குழந்தைங்களுக்குக் காது எங்க இருக்கும்னு சொல்ல முடியாது” என்றார் பர்வீன். ஆனால் நோட்டை மூடவில்லை. “வேற ஏதாவது சொன்னா, வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைங்க.”

அந்த வாரம் மிதிலா நிறையச் சொன்னாள். ஒன்பது மணிச் செய்தியின் தலைப்புகள். கீழ்வீட்டுக்காரர் கதவோரம் நின்று பேசியது. தாயும் தகப்பனும் சண்டையில் ஒருவரையொருவர் சொன்ன சொற்கள். வாணி எல்லாவற்றையும் எழுதினாள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அது வெள்ளிக்கிழமை வந்தது. வாணியின் சொந்தக் குரலிலேயே வந்தது.

“நீ பொறக்காமயே இருந்திருக்கலாம் சாமி. உனக்கும் இந்தக் கஷ்டமில்ல, எனக்குமில்ல.”

இரண்டு வருடத்துக்கு முன், ஆடிப்பெருக்கன்று அவள் சொன்னது. தெருவே பவானிக்குப் போயிருந்தது. லோகநாதன் ஓவர்டைம். தனியாக, பட்டை கட்டிய மகளின் தலையைக் கோதிக்கொண்டே, காதருகே, மெதுவாகச் சொன்னாள். சொல்லி அழுது, முகம் கழுவிக்கொண்டு மறந்தும்போனாள். வேறு யாரும் கேட்டிருக்க வழியில்லை. மிதிலா தவிர.

சனிக்கிழமை பர்வீனிடம் அதைச் சொல்லி முடிக்க வாணிக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அப்ப அவ தூங்கவேயில்லீங்களா மேடம்? அஞ்சு வருசமா?”

“தெரியல. நடுவுல எப்பவோ நெசமாவும் தூங்கியிருப்பா. இல்லாட்டி உசுரோட இருக்க முடியாது. ஆனா எட்டரைலருந்து எத்தன நேரம் முழிச்சுக் கெடந்தான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“போன்ல அலை ஓடுச்சே மேடம்! ஆழ்ந்த உறக்கம்னு காட்டுச்சே!” என்றான் லோகநாதன்.

பர்வீன் சொன்னார். “பட்டை என்ன பண்ணுது? தூக்கத்துல மூளைல ஓடுற மாதிரி ஒரு மெதுவான அலைய வெளியிலிருந்து அனுப்புது. ஒடம்பு அடங்கிடுது. அப்பறம் மூளைல என்ன அலை ஓடுதுன்னு அளக்கறதும் அதே பட்டைதான். தான் அனுப்புனதையே தான் அளந்திருக்கலாம். தானே பரீட்சை எழுதித் தானே மார்க் போட்ட மாதிரி.”

“நமக்கே பட்டை நாமம் போட்டுட்டானுங்க” என்றான் லோகநாதன்.

“ஆனா நான் டாக்டர் இல்ல. இது என் சந்தேகம்தான். மிதிலா சொன்னத மட்டும் வெச்சுக் கம்பெனிக்கு எழுதுனா, கிளிப்பிள்ளை மாதிரி எதையோ சொல்லுதும்பாங்க.” பர்வீன் தன் பையை எடுத்துக்கொண்டார். அவரை அனுப்பியதும் அந்தக் கம்பெனிதான் என்பது மூவருக்கும் தெரியும். “இருந்தாலும் எழுதறேன்.”

மறுநாள் ஞாயிறு. மிதிலா பக்கத்துப் பூங்காவில் ஊஞ்சலாடப் பழகியிருந்தாள். அவளைத் தன் தங்கையோடு அனுப்பிவிட்டு, பகல் மூன்று மணிக்கு வாணி கட்டிலில் படுத்துப் பட்டையைத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டாள்.

“பெரியவங்க போடக்கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்குது” என்றான் லோகநாதன்.

“சின்னவங்களுக்குப் போடலாம்னும் அதுலதான் எழுதியிருந்துச்சு. நீங்க இருபது நிமிசத்துக்கு வெச்சுத் தொடுங்க.”

முதலில் கை கனத்தது. பிறகு கால். இமைகள் தாமாக மூடின. தூக்கம் இதோ வருகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. மின்விசிறியின் கிறீச் கேட்டது. எங்கோ ஒருத்தி குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். மூக்கின் நுனியில் ஓர் ஈ உட்கார்ந்தது. அதை ஓட்ட நினைத்தாள். நினைப்பு கைவரை போகவில்லை. ஏனுங்க, போதும், எடுங்க என்று கத்தினாள். உதடு பிரியவில்லை. மூச்சு மட்டும் யாருடையதோபோல் சீராக ஏறி இறங்கியது. ஈ நடந்து மேலுதட்டுக்கு வந்தது.

லோகநாதன் போனைப் பார்த்தான். நீல அலை. ‘ஆழ்ந்த உறக்கம்’. நிம்மதியாகத் தூங்குகிற முகம்தான். சோதித்துப் பார்க்கத்தானே இது என்று நினைத்துக்கொண்டு, குனிந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான். “வெரல் போனது கண்ணசந்து இல்ல வாணி. அன்னிக்கு வீட்டுக்குப் போக வேண்டாம்னு இருந்துச்சு. கையத் தெரிஞ்சேதான் வெச்சேன். ஆஸ்பத்திரில நாலு நாள் தூங்கலாம்னு.”

இருபது நிமிடம் முடிந்து பட்டை தானாக அணைந்தது. வாணி முதலில் ஈயை ஓட்டினாள். பிறகு எழுந்து, கணவனின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு மொட்டை விரல்களையும் மூடிப் பிடித்தாள். அவனுக்கு விடை கிடைத்துவிட்டது.

அன்றைக்கு மிதிலா திரும்பி வந்ததும் வாணி அவள்முன் தரையில் உட்கார்ந்தாள். சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. இதைப் பர்வீனிடம் முன்பே கேட்டிருந்தாள். “புரிஞ்சிருக்கும்னு வெச்சுக்கிட்டு நடந்துக்கறதுதான் அந்தக் குழந்தைக்கு மரியாதை” என்றிருந்தார் அவர்.

“அம்மா சொன்னது தப்பு கண்ணு. அப்பன் சொன்னதும் தப்பு. உன்ன எங்கயும் வுட மாட்டோம். நீ முழிச்சிருந்தது எங்களுக்குத் தெரியல.”

மிதிலா அவள் கழுத்தைப் பார்த்தாள். கை நீட்டி, ரவிக்கையின் பின்கழுத்தில் லேபிள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். இல்லை. எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பர்வீன் கம்பெனிக்கு எழுதினார். ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது. அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆனாலும் மிதிலாவின் பயிற்சியை அவர் நிறுத்தவில்லை, பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். நாற்காலி கதவுக்கு வெளியே போனது. படுக்கும் நேரம் ஒன்பதரையில் நின்றது. மிதிலா அங்கிருந்து காலை ஆறுவரை, வாயைப் பிளந்து, போர்வையை உதைத்து, கண்டபடி புரண்டு தூங்கினாள். ஐந்து வருடமாகக் கிடத்திய பொம்மைபோல் நேராகக் கிடந்த பிள்ளை அது.

வாணி, பட்டை கட்டும் குழந்தைகளின் பெற்றோரின் போன் குழுவில் எல்லாவற்றையும், புகார் எழுதப் போவதையும் எழுதிப் போட்டாள். முந்நூறு குடும்பங்கள். அரை நாள் கழித்து ஒருவர், ‘ஒரு குழந்தையை வைத்து முடிவு பண்ணக்கூடாது’ என்று எழுதினார். இன்னொருவர், ‘இதை நீங்கள் இங்கே போட்டிருக்க வேண்டாம்’ என்றார். அன்றே நாற்பது பேர் குழுவைவிட்டு வெளியேறினார்கள்.

மறுவாரம் ஒரு நண்பகலில் ரேணுகா வந்து நின்றாள். குழுவில் பெயர் மட்டும் பழக்கம். மகன் சர்வேஷுக்கு ஏழு வயது. அவன் உள்ளே வந்ததும் சுவரில் விரலை இழுத்துக்கொண்டு அறையைச் சுற்ற ஆரம்பித்தான்.

“என்ற வீட்டுக்காரர் லாரில போயிருவாருங்க. மாசத்துல நாலு நாள்தான் வீடு. இவனுக்குப் பட்டை இல்லாட்டி நான் தனியா என்னங்க பண்ணுவேன்? பத்து வயசுக்கு இன்னும் மூணு வருசம் இருக்குதுங்க. அந்த மூணு வருசத்தப் புடுங்கிறாதீங்க. புகார் எழுதப் போறீங்களாமே, வேண்டாமுங்க.”

வாணி தண்ணீர் கொடுத்தாள். “அவன் முழிச்சுட்டுக் கெடக்கறான்ங்க.”

“தெரியுமுங்க.” ரேணுகா சட்டென்று சொன்னாள். “நீங்க எழுதுனதப் படிச்சதுல இருந்து, பட்டை போட்டதும் நான் பக்கத்துல உக்காந்து பேசறனுங்க. அன்னிக்கு நடந்தது, எங்கம்மா வீட்டுக் கதை, எல்லாம். இவன் என்ற பேச்ச ஒரு நிமிசம் நின்னு கேட்டதில்லீங்க. இப்ப ஒரு மணி நேரம் கேக்கறான். பாத்தீங்களா, அதுலயும் ஒரு நல்லது.”

எதிரே இருப்பவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. வாணி, அன்று ஈ நடந்த உதட்டைத் தன்னையறியாமல் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க ஒருக்காப் போட்டுப் பாத்தீங்களா?”

ரேணுகா தலைகுனிந்தாள். பையைத் திறந்தாள். மகனின் பட்டை அதில்தான் இருந்தது. எங்கு போனாலும் அதை விட்டுப் போவதில்லை. சற்று நேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“நீங்க பக்கத்துல இருக்கோணும்.”

“இருக்கறனுங்க.”

கட்டிலில் படுத்துத் தானே கட்டிக்கொண்டாள். வாணி இருபது நிமிடம் வைத்துத் தொட்டாள். ரேணுகாவின் கை தளர்ந்து கட்டிலோரம் தொங்கியது. முகம் அமைதியானது.

சுவரோரம் போய்க்கொண்டிருந்த சர்வேஷ் நின்றான். சுவரை விட்டு விரலை எடுத்தான். கட்டிலருகே வந்து அம்மாவின் முகத்துக்கு வெகு அருகே தன் முகத்தைக் கொண்டுபோனான். மூடிய கண்களைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளாலும் பட்டையைப் பிடித்து இழுத்தான். அதில் சிக்கிய முடியும் சேர்ந்து வந்தது. அதை வாணியின் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மாவின் கன்னத்தைத் தட்டினான். ஒருமுறை, இன்னொருமுறை, வேகமாக.

ரேணுகா கண் விழித்தாள். இமையோரத்தில் நீர் திரண்டு நின்றது. “இருபது நிமிசம் ஆயிருச்சுங்களா?”

“ஆறு நிமிசங்கூட ஆகல.”

“நீங்க எடுத்துட்டீங்களா?”

“நான் தொடவேயில்லீங்க.”

ரேணுகா மகனைப் பார்த்தாள். அவன் அவள் விழித்திருக்கிறாள் என்று உறுதி செய்துகொள்வதுபோல இன்னும் ஒருமுறை கன்னத்தைத் தட்டிவிட்டுச் சுவருக்குத் திரும்பிப் போனான். அவள் எழுந்து உட்கார்ந்து, கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

“மொத நாளு எத்தன மணிக்குங்க படுக்க வெக்கோணும்?” என்று கேட்டாள்.

“பதினொண்ணுக்குங்க” என்றாள் வாணி. “மொத வாரம் நானும் வந்து கூட இருக்கறேன்.”